முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு எந்தப் புல் வெட்டும் மெசின்?

ரொறன்ரோவில் பனி கரைந்து, மே மாதத்து மழை இரண்டு பெய்துவிட்டால் புல்லைப் பிடித்து நிறுத்த முடியாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது வெட்ட வேண்டும். 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிட்டால் மாநகர விதியை மீறியதாகிவிடும். யாராவது முறைப்பாடு செய்தால் நோட்டீஸ் வரும். வீட்டு முன்புறம் மட்டும் அல்ல, நடைபாதைக்கும் வீதிக்கும் நடுவில் கிடக்கும் புல் துண்டு நகரத்துக்குச் சொந்தமானது என்றாலும், அதையும் வீட்டுக்காரர்தான் வெட்ட வேண்டும். மூலை வீடென்றால் அந்த வேலை இரண்டு பக்கமும்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வீடு வாங்கிய எங்கள் ஆட்களில் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கால் தேய்மானம், ஒருவருக்கு விரல் மூட்டு வாதம், இன்னொருவருக்கு இடுப்பு மாற்றிய காயம், பாரிசவாதத்துக்குப் பிறகு ஒரு கை பிடிப்பில்லாதவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் புல்லைத் தாங்களேதான் வெட்டுவோம் என்று நிற்கிறார்கள். "விடுங்கோ அப்பா, ஆளைப் பிடிப்பம்" என்பது பிள்ளைகளின் பேச்சு. இந்த விசயத்தில் நான் அப்பா, அம்மாக்களின் பக்கம். வீட்டுக்கு வெளியே இறங்கி, நாலு பேரைக் கண்டு கதைத்து, தன் வளவைத் தானே ஒழுங்காக வைத்திருப்பது சின்ன விசயம் இல்லை. கேள்வி, அதை விழாமல், நோகாமல் செய்ய எந்த மெசின் உதவும் என்பதுதான்.

இரண்டு வகையை முதலிலேயே தள்ளிவிடலாம். பெற்றோல் மெசினைக் கயிறு இழுத்துத் தொடக்க வேண்டும், எண்ணெய் மாற்ற வேண்டும், பாரமும் அதிகம். வயர் இழுபடும் மின் மெசின் பாரம் குறைந்தது, விலையும் குறைவு. ஆனால் தள்ளாடி நடக்கிறவரின் காலடியில் முப்பது மீற்றர் வயரைப் போடுவது விழுவதற்கு வழி செய்துகொடுப்பது மாதிரி. ஆகவே பற்றரி. அதில் மூன்று வழிகள் இருக்கின்றன: பாரம் குறைந்த கையால் தள்ளும் மெசின்; சில்லை மோட்டரே ஓட்ட, ஆள் பின்னால் பிடித்துக்கொண்டு நடக்கும் 'தானாக நகரும்' மெசின்; ஆள் இல்லாமலே வெட்டும் றோபோ.

கடையில் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வோல்ட்டும், வெட்டும் அகலமும். பிள்ளைகளும் அவற்றைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், கூடியது நல்லது என்று. முதலில் கேட்க வேண்டியது வேறு: எந்த அசைவு நோகிறது? குனிவதா, இறுக்கிப் பிடிப்பதா, தள்ளுவதா, திருப்புவதா, தூக்குவதா, நடப்பதா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. முழங்கால் மட்டும் நோகிறவருக்குச் சரியான மெசின், விரல் மூட்டு நோகிறவருக்குச் சித்திரவதையாக இருக்கலாம்.

அகலத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வளவில் 15 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம் புல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் கொஞ்சம் மேற்படிய வெட்டுவோம் என்பதால், 13 அங்குல மெசின் உண்மையில் ஒரு வரிக்கு 28 சென்ரிமீற்றர் அளவுதான் வெட்டும். 16 அங்குல மெசின் 35, 20 அங்குல மெசின் 45. அப்படியானால் நடக்க வேண்டிய தூரம் சின்ன மெசினோடு ஏறத்தாழ 535 மீற்றர், நடுத்தரத்தோடு 430, பெரியதோடு 333. நீளவாக்கில் வெட்டினால் முறையே 36, 29, 22 வரிகள். வரி முடிகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் திருப்ப வேண்டும். அதே வளவைக் குறுக்குவாக்கில் வெட்டினால் 16 அங்குல மெசினுக்கே 43 வரிகள் வந்துவிடும். இதில் காசில்லாமல் கிடைக்கும் லாபம் ஒன்று இருக்கிறது: எந்த மெசின் வாங்கினாலும் நீளப் பக்கமாக வெட்டுங்கள்.

16-இலிருந்து 20 அங்குலத்துக்குப் போனால் நூறு மீற்றர் நடையும் ஏழு திருப்பங்களும் மிச்சம். அதற்குக் கொடுக்கும் விலை பாரம். 13 அங்குல மெசின்கள் 10 முதல் 14 கிலோ வரை இருக்கும். 16, 17 அங்குலம் 16 முதல் 18 கிலோ. தானாக நகரும் 20, 21 அங்குல மெசின் பற்றரியோடு பெரும்பாலும் 26 கிலோவுக்குக் குறையாது, 30-ஐயும் தாண்டும். இந்தப் பாரம் நேராகப் போகும்போது தெரியாது. தெரிவது திருப்பும்போது.

அந்தத் திருப்பத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வரி முடிகிறது. மெசினை நகரவைக்கும் பிடியை விட வேண்டும், ஆனால் கத்தியை ஓடவைக்கும் பிடியை விடக்கூடாது. இரண்டு உள்ளங்கையாலும் கைபிடியைக் கீழே அழுத்தி முன் சில்லுகளைத் தூக்க வேண்டும். இடுப்பை முறுக்கி, பின் சில்லில் மெசினைச் சுழற்ற வேண்டும். பிறகு இறக்கி, வரியைப் பார்த்து நேராக்கி, திரும்பவும் நகர்வைப் பிடிக்க வேண்டும். நல்ல உடம்புக்கு இது மூன்று வினாடி. மணிக்கட்டு வாதக்காரருக்கும் இடுப்பு மாற்றியவருக்கும் முழு வேலையிலும் கடினமான பகுதி இதுதான். "தானாக நகரும், அப்பாவுக்கு லேசாக இருக்கும்" என்று வாங்கிக்கொடுத்த மெசின் கராஜ் மூலையில் நிற்பதற்கு, நான் கண்ட வரையில், பெரும்பாலும் இந்தத் திருப்பம்தான் காரணம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. போய்த் திரும்பி வரும் வரிகளாக வெட்டாமல், விளிம்பிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே போங்கள். அப்போது முழுத் திருப்பம் வராது, மூலைக்கு மூலை கால் திருப்பம் மட்டும்தான். மெசினைப் பின்னுக்கு இழுக்கும் தேவையும் குறையும். பின்னால் பார்க்காமல் இழுத்துக்கொண்டு வரும்போதுதான் கால் தடுக்கும்.

சரி, எப்போது தானாக நகரும் மெசின் தேவை? வளவில் சரிவு இருந்தால். தள்ளும்போது மூச்சு வாங்குகிற இதய வருத்தம் இருந்தால். அல்லது புல் தடிப்பாக, நிலம் மேடுபள்ளமாக இருந்தால். சரிவில் 17 கிலோவை மேலே தள்ளுவதைவிட, 28 கிலோ தானாக ஏறுவது எத்தனையோ மேல். அப்படி வாங்குவதென்றால் பார்க்க வேண்டியது உச்ச வேகத்தை அல்ல, ஆகக் குறைந்த வேகத்தை. சிலவற்றில் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுக்கு மெதுவாக்கலாம். மெதுவாக நடக்கிறவருக்கு அது போதும். வேறு சிலவற்றில் ஆக மெதுவான வேகமே ஆளை இழுத்துக்கொண்டு போகும், அது ஆபத்து. டோரோ கம்பெனியின் 60 வோல்ட் மெசின்கள் சிலவற்றில் கைபிடியை எவ்வளவு முன்னே அழுத்துகிறோமோ அவ்வளவு வேகத்தில் சில்லு ஓடும். ஆள் நின்றால் மெசினும் நிற்கும். நடை ஒரே சீராக இல்லாதவர்களுக்கு, குறிப்பிட்ட வேகத்தில் வைத்து ஓடும் மெசினைவிட இந்த முறை நல்லது என்பது என் எண்ணம். முன் சில்லு ஓடுகிற மெசின் திருப்புவதற்கு லேசு, ஏனென்றால் கைபிடியை அழுத்தியதும் இழுவை விட்டுப்போகும். ஆனால் சரிவில் பின் சில்லு ஓட்டம்தான் பிடிப்பாக நிற்கும். சரிவில் எப்போதும் குறுக்காக வெட்டுங்கள், மேலும் கீழுமாக அல்ல. வழுக்கினால் மெசின் உங்கள் காலுக்கு வரக்கூடாது.

இனி கைபிடி. அமெரிக்காவில் 1982 முதல் உள்ள விதிப்படி, நடந்து வெட்டும் மெசினின் கத்தியை ஓடவைக்கும் பிடியை, அதாவது கைபிடியோடு சேர்ந்திருக்கும் கம்பியை, விட்டதும் 3 வினாடிக்குள் கத்தி நிற்க வேண்டும். இங்கே கிடைக்கும் மெசின்களிலும் அதே அமைப்புத்தான். ஆக, வெட்டி முடியும் வரை அந்தக் கம்பியைக் கைபிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிடம். விரல் மூட்டு வீங்கியவருக்கு இதுதான் உண்மையான வேலை, தள்ளுவது அல்ல. எங்கள் பெரியம்மாவுக்கு 17 அங்குல மெசின் பார்க்கக் கடைக்குப் போனபோது இதைக் கண்ணால் கண்டேன். ஒரு மெசினின் கம்பியை அவரால் இரண்டு கையாலும்கூட முழுதாக மடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொன்றின் கம்பியை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளியே பிடித்துவிட்டார், விரல் மடக்கத் தேவைப்படவில்லை. இரண்டும் ஒரே அகலம், ஏறத்தாழ ஒரே விலை. பெட்டியில் எழுதியிருந்த எதிலும் இந்த வித்தியாசம் இல்லை.

தொடங்கும் முறையையும் அப்படியே பாருங்கள். ஒரு பட்டனை அமத்தி, அமத்தியபடியே கம்பியை இழுக்க வேண்டும் என்பது பொதுவான முறை. இரண்டு கையும் வேலை செய்தால் பிரச்சினை இல்லை. ஒரு கை பலவீனமானவருக்கு, பட்டனை அமத்தி விட்டுவிட்டு அடுத்த சில வினாடிக்குள் கம்பியை இழுக்கலாம் என்கிற மெசின் வேண்டும், அப்படியும் இருக்கின்றன. ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: கம்பியைக் கயிற்றாலோ டேப்பாலோ கட்டி வைக்காதீர்கள். விழுந்தால் கத்தியை நிறுத்த இருப்பது அது ஒன்றுதான். விழும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கே அதைக் கட்டிக்கொடுப்பது மிகப் பெரிய ஆபத்து. கம்பியைப் பிடிக்க முடியாது என்றால், அந்த ஆளுக்கு நடந்து வெட்டும் மெசினே வேண்டாம்.

புல் பையைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு விருப்பம். வேண்டாம் என்பதுதான் என் முடிவு. 40 லீற்றர் பையில் ஈரப்புல் நிறைந்தால் 10 கிலோவைத் தொட்டுவிடும். அதைக் குனிந்து கழற்றி, தூக்கி, சுமந்து, கவிழ்த்து, திரும்ப மாட்ட வேண்டும். ஒரு வளவுக்கு மூன்று நாலு தடவை. முதுகுக்கு இதைவிடக் கெடுதலான வேலை இல்லை. போதாததற்கு, ரொறன்ரோ மாநகரம் வெட்டிய புல்லைக் குப்பையோடு எடுப்பதும் இல்லை, அதைத் தரையிலேயே விடச் சொல்கிறது. ஆகவே பின்பக்கத்தை அடைத்துவிட்டு, புல்லைத் துண்டுதுண்டாக நறுக்கி அப்படியே மண்ணில் போடும் வசதி உள்ள மெசினை எடுங்கள். அந்த நறுக்கல் உக்கி, மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டக்கூடாது, புல் காய்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் கட்டிகட்டியாக விழாது. உயரத்தை 7 சென்ரிமீற்றர் அளவில் வைத்தால் வேர் ஆழமாகப் போகும், களை குறையும், தள்ளவும் லேசு. உயரம் மாற்றும் பிடி ஒன்றே ஒன்று, ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். சில்லுக்குச் சில்லு தனித்தனிப் பிடி என்றால் நாலு தடவை குந்தி எழும்ப வேண்டும். அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பற்றரியில் வோல்ட்டைக் கண்டு மயங்க வேண்டாம். 40 வோல்ட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் உச்ச அளவு, ஓடும்போது சராசரி 36. 20 என்பது 18. ஈகோ என்ற கம்பெனியின் 56-உம் ஏறத்தாழ 50தான். எவ்வளவு நேரம் ஓடும் என்பதை அறிய வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்குங்கள். 36 வோல்ட் 4 அம்பியர்-மணி என்றால் 144 வாட்-மணி. 18 வோல்ட் 4 அம்பியர்-மணிப் பற்றரிகள் இரண்டு சேர்ந்தாலும் அதே 144தான். என் விருப்பம், பெரிய பற்றரி ஒன்றைவிடச் சின்னது இரண்டு. பெரியது இரண்டு, மூன்று கிலோ வரும். அதை ஒரு கையால் பூட்டை அமத்தி, முழங்கால் உயரத்திலிருந்து மேலே இழுத்து எடுக்க வேண்டும். சின்னது ஒரு கிலோ சொச்சம். இன்னொரு நன்மையும் இருக்கிறது. முதல் பற்றரி முடிந்ததும் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கலாம். முன்வளவு இன்றைக்கு, பின்வளவு நாளைக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் முடிக்க நினைக்கும்போதுதான் பிடிவாதக்காரர்கள் விழுகிறார்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. புல்லுக்கு வாங்கும் பற்றரிதான் பனிக்கும். ஈகோவின் 56 வோல்ட், ரயோபியின் 40 வோல்ட் ஆகிய இரண்டு வரிசைகளிலும் பனி தள்ளும் மெசின் இருக்கிறது. கிறீன்வேர்க்ஸிலும் இருக்கிறது, ஆனால் அவர்களிடம் 40, 60, 80 என்று தனித்தனி வரிசைகள். ஒன்றின் பற்றரி மற்றதில் ஏறாது. முழங்கால் நோகிறவருக்கு ஜனவரி மாதத்து டிரைவ்வே புல்லைவிடப் பெரிய எதிரி. ஆகவே மே மாதத்தில் மெசின் வாங்கும்போதே டிசம்பரையும் நினைத்து, எந்த வரிசைக்குள் போகிறோம் என்று முடிவெடுங்கள். பற்றரியைக் குளிர்காலத்தில் கராஜில் விடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது கெட்டுவிடும். பாதி சார்ஜோடு வீட்டுக்குள் வையுங்கள், சார்ஜரை நிலத்தில் அல்லாமல் மேசை உயரத்தில் வையுங்கள்.

அப்புறம் றோபோ. ஹஸ்க்வர்னா கம்பெனி 1995-இல் சூரிய ஒளியில் ஓடும் ஒன்றைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இது வளர்ந்துகொண்டே வருகிறது. முன்பு வளவைச் சுற்றி வயர் பதிக்க வேண்டும். இப்போது செய்மதியையும் கமராவையும் வைத்து வயர் இல்லாமலே ஓடுபவை வந்துவிட்டன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவதால் நறுக்கல் தூளாக விழும், சத்தமும் குறைவு. நடப்பதே ஆபத்து என்கிற நிலையில் இருப்பவருக்கு, வோக்கரோடு நடப்பவருக்கு, கம்பியைப் பிடிக்க முடியாதவருக்கு, என் பதில் தயக்கமில்லாமல் இதுதான்.

ஆனால் எங்கள் வளவுகளை யோசியுங்கள். பின்னால் கத்தரிப் பாத்தி, மிளகாய்ச் சாடி, பாகல் பந்தல், ஒரு மூலையில் கறிவேப்பிலை வாளி. றோபோவுக்கு இதெல்லாம் தடைகள். ஒவ்வொன்றையும் சுற்றி எல்லை காட்ட வேண்டும். காட்டியும் எங்காவது சிக்கினால், யாரோ ஒருவர் போய்ப் பத்துக் கிலோ அளவு மெசினைக் குனிந்து தூக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் பகல் வேளையில் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா என்றால், பிரச்சினை திரும்ப அவரிடமே வருகிறது. முன்வளவும் பின்வளவும் வேலியால் பிரிந்திருந்தால் றோபோ தானாகப் போகாது. விளிம்புப் புல் எஞ்சும், அதைத் தனியாக ட்ரிம்மரால் வெட்ட வேண்டும். சவர பிளேட் மாதிரியான சின்னக் கத்திகளை ஒன்றிரண்டு மாதத்துக்கொரு தடவை மாற்ற வேண்டும். குளிர்காலத்துக்கு உள்ளே எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவையும் மகனோ மகளோ தன் கைபேசியில் பார்த்து, வாரம் ஒரு தடவை வந்து கவனிப்பார் என்றால் றோபோ அருமையான தெரிவு. வர மாட்டார் என்றால் வேண்டாம். இங்கிலாந்தில், லண்டனில் இருப்பவர்கள் இரவில் ஓடவிடாதீர்கள். முள்ளெலிகள் இரவில்தான் நடமாடும், அவை ஓடித் தப்பாது, சுருண்டு படுத்துவிடும்.

விலை கடைக்குக் கடை மாறும். 16, 17 அங்குலத் தள்ளும் மெசின் பற்றரியோடு ஏறத்தாழ 300 முதல் 450 கனேடிய டொலர். தானாக நகருவது பெரும்பாலும் 700-க்கு மேல். றோபோ ஏறத்தாழ ஆயிரத்தில் தொடங்கி மூவாயிரத்துக்கும் போகும். ஆளை வைத்து வெட்டுவிப்பதும் ஒரு தெரிவுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மே, ஜூன் என்ற இரண்டு மாதங்களுக்கு மட்டும் ஆளைப் பிடித்து, புல் மெதுவாக வளரும் ஜூலை, ஓகஸ்டில் தாங்களே வெட்டுகிற ஒரு தம்பதியைத் தெரியும். நல்ல ஏற்பாடு.

என்னிடம் கேட்டால்: சமதரை, நடுத்தர வளவு, நடக்க முடியும் ஆனால் முழங்கால் நோகும் என்பவருக்கு 16 அல்லது 17 அங்குலத் தள்ளும் மெசின், சின்னப் பற்றரி இரண்டு, பை இல்லாமல். முன்வளவு மட்டும்தான் புல், அதுவும் சின்னது என்றால் 13 அங்குலமே போதும், அதைச் சுவரில் சாய்த்தும் வைக்கலாம். சரிவு இருந்து, கையில் பலமும் இருந்தால் தானாக நகருவது. அதிலும் கைபிடியை மடித்து நிமிர்த்தி நிறுத்தக்கூடியதை எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், இடம் மிச்சம்தான். ஆனால் 28 கிலோவை நிமிர்த்துவது யார் என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கராஜில் இடம் இருந்தால் விரித்தபடியே விட்டுவிடலாம்.

வாங்கப் போகும்போது, வெட்டப் போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வழக்கமாகப் போடும் சப்பாத்தோடு. பற்றரி இல்லாத காட்சி மெசினிலேயே கம்பியை இருபது தடவை பிடித்து விடச் சொல்லுங்கள். கைபிடி இடுப்பு உயரத்துக்கு வருகிறதா, பற்றரி மூடியை ஒரு கையால் திறக்க முடிகிறதா, உயரப் பிடியைக் குந்தாமல் எட்ட முடிகிறதா, கடையின் நடைபாதையில் தள்ளிக்கொண்டு போய்த் திருப்பிக்கொண்டு வர முடிகிறதா என்று பாருங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், "பரவாயில்லை" என்பார். பிறகு திருப்பிக் கொடுக்கும் காலம் எத்தனை நாள், புல் பட்ட மெசினைத் திரும்ப எடுப்பார்களா என்று காசு கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்.